நாலாம் மேசையில் வெள்ளை நூல்

கனம் ஞாபகத்தில் இல்லை. நூல் ஞாபகம் இருக்கிறது, முடிச்சு ஞாபகம் இருக்கிறது, பல்லில் கவ்வியிருந்த சிவப்பு உல்லனின் பிசிறு நாக்கில் ஒட்டியதுகூட ஞாபகம் இருக்கிறது. நாலாம் மேசைப் பாட்டிலைக் கையில் தூக்கிய கனம் மட்டும் எங்கே துழாவினாலும் முப்பிடாதிக்கு அகப்படவில்லை. இந்தச் சந்தேகம் வர வேறு நேரமா கிடைக்கவில்லை. பிளஸ் டூ பிள்ளைகள் பதினோரு பேரும் வெள்ளைக் கோட்டு மாட்டி ஆளுக்கொரு இடத்தில் நின்றாயிற்று. வெளிப்பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கிற எக்ஸ்டர்னல் சார் கேள்விச்சீட்டைக் கொடுத்தாயிற்று, கெமிஸ்ட்ரி நாச்சியார் டீச்சர் கையெழுத்து வாங்கியாயிற்று. எல்லாம் அடங்கி, அப்பாடா என்று வாசலோரத்து ஸ்டூலில் லேப் உதவியாளர் முப்பிடாதி உட்கார்ந்த பிறகா இது வந்து நிற்க வேண்டும். மேசைக்கு ரெண்டு பாட்டில். ஒன்று அடர் கந்தக அமிலம், மூடியில் சிவப்பு நூல். மற்றது தண்ணீர் கலந்து நீர்த்த அமிலம், மூடியில் பூக்கட்டுகிற வெள்ளை நூல். ரெண்டும் பார்வைக்குப் பச்சைத் தண்ணீர். ஒரே மாதிரி பாட்டில், ஒரே மாதிரி கண்ணாடி மூடி, கழுத்துவரை ஒரே அளவு. கையில் எடுத்தால்தான் எது எதுவென்று தெரியும். அடர் அமிலம் ரெண்டு பங்குக்குக் கிட்டே கனக்கும். லேபிள் ஒட்டித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்கிறவர்கள் ஒருநாள் வந்து இந்த லேபில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒட்டாமலா இருந்தாள். புகை போக்குகிற காற்றாடியில் புறா கூடு கட்டி மூணு வருஷமாகிறது, அமிலப் புகை போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றி லேபிளைத் தின்கிறது, ரெண்டு மாசத்தில் எழுத்து போய்விடும், நாலு மாசத்தில் காகிதமே போய்விடும். அதனால்தான் நூல். நூலும் இற்றுப்போகும், ஆனால் பரீட்சைக்குப் பரீட்சை மாற்றிக் கட்டிவிடலாம். சிவப்புன்னா சொட்டு, வெள்ளைன்னா குழாய் என்று பிளஸ் ஒன் வந்த முதல் நாளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அவள்தான். சிவப்பில் ரெண்டு சொட்டுக்கு மேல் தொடக்கூடாது. வெள்ளையில் சோதனைக்குழாய் நிறைய எடுத்துக் குடுவையில் ஊற்றலாம். ஏழு வருஷமாக இந்தப் பள்ளிக்கூடத்தில் அதுதான் சட்டம்.

நேற்று சாயங்காலம் பன்னிரண்டு மூடிக்கும் நூல் மாற்றினாள். முதல் மேசை, பழைய நூலை அறுத்து, பாட்டிலைத் தூக்கிப் பார்த்து, கனக்கிறது, சிவப்பு. கனக்கவில்லை, வெள்ளை. ரெண்டாம் மேசை அப்படியே. மூணாம் மேசையில் அடர் அமிலப் பாட்டிலின் அடியில் ஈரம் இருந்தது, துணியால் துடைத்தாள், துணியில் ஓட்டை விழுந்தது, அதுகூட நினைவிருக்கிறது. நாலாம் மேசைக்கு வந்தாள். ரெண்டு பாட்டிலையும் தட்டிலிருந்து இறக்கி மேசையில் வைத்தாள், தட்டைத் துடைத்தாள், ரெண்டு பழைய நூலையும் அறுத்துக் குப்பையில் போட்டாள். அப்போதுதான் கிளார்க் சங்கரபாண்டி தாழ்வாரத்திலிருந்து, "எக்கா, நாளைக்கு வாற எக்ஸ்டர்னல் சைவமா அசைவமான்னு ஹெச்.எம். கேக்காங்க" என்றான். எக்ஸ்டர்னலுக்குச் சோறு வாங்கிவைப்பது எந்த விதியில் எழுதியிருக்கிறதோ தெரியாது, எல்லாப் பள்ளிக்கூடத்திலும் அது லேப்காரி தலையில்தான் விடியும். சிவப்பு நூல் பல்லில் இருக்க, எக்ஸ்டர்னல் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்து லேப்காரிக்குப் போன் போட்டாள். அவளோ லேசில் விடுகிற ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை கவிச்சி தொடமாட்டாரு, ஆனா முட்டை கேப்பாரு, தயிர் புளிக்கக்கூடாது, வெத்தலை போடமாட்டாரு என்று ஒரு கல்யாணப் பந்திக்கு உண்டான விவரம் சொன்னாள். கீழே இறங்கி ஹெச்.எம்.மிடம் சொல்லி, மறுபடி இருபத்தாறு படி ஏறி வந்தபோது முழங்கால் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. நாலாம் மேசை ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே கட்டினாள். ரெண்டு பாட்டிலையும் தட்டில் ஏற்றினாள். ஏற்றும்போது தூக்கித்தானே இருக்க வேண்டும்? தூக்கினாளா, மேசை மேலேயே நகர்த்தி ரெண்டு கையாலும் சேர்த்து ஏற்றினாளா. ரெண்டு கையால் என்றால் எது கனத்தது. முட்டை நினைப்பிலும் தயிர் நினைப்பிலும் கை என்ன செய்தது என்று கைக்கே தெரியவில்லை.

சரியாகத்தான் கட்டியிருப்பாள். பதினாறு வருஷக் கை. இருட்டில் கொடுத்தாலும் சரியாகக் கட்டும். இப்படித்தான் போன தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பிப் பாதி வழியில், கேஸை மூடினோமா என்று வந்தது. வந்தால் விடுமா. வீட்டுக்காரர் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் பாவூர்சத்திரத்தில் இறங்கி, திரும்பி பஸ் பிடித்து, வீட்டைத் திறந்து பார்த்தால், மூடித்தான் இருந்தது. மூடின சிலிண்டரைப் பார்த்து நிம்மதி வரவில்லை, அழுகைதான் வந்தது. அதிலிருந்து வீட்டில் அவளுக்குச் சந்தேகப் பேய் என்று பேர். மகள்கூட, எம்மா கதவைப் பூட்டினியா, பூட்டினதை பூட்டினியா என்று கிண்டல் செய்கிறாள். இதுவும் அந்தப் பேய்தான். பேசாமல் உட்காரு. எழுந்து போய் ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தால் அரை நிமிஷ வேலை. ஆனால் காலையில் எக்ஸ்டர்னல் சார் முதல் வேலையாக அவளைத்தான் பார்த்துச் சொன்னார். "ஏம்மா, பரீட்சை தொடங்கின பிறகு நீங்க பிள்ளைங்க பக்கத்துல போகக்கூடாது. எனக்கு எல்லாம் தெரியும். போனா, சொல்லிக்கொடுத்தாங்கன்னு எழுதிருவேன். அந்தப் பிள்ளைக்கும் சேத்துத்தான்." அவரைக் குறை சொல்லவும் முடியாது. குடுவையைக் கழுவ வந்த மாதிரி வந்து, உப்பு பேரைக் காதில் போட்டுவிட்டுப் போகிற லேப்காரிகள் ஊருக்கு ஊர் உண்டு. முப்பிடாதியும் ஒரு காலத்தில் ரெண்டு பேருக்குப் போட்டிருக்கிறாள், இல்லையென்று சாதிக்கமாட்டாள். சந்தேகத்தை நம்பி எழுந்து போய், பாட்டில் சரியாக இருந்து, பிள்ளைக்கு மார்க் போய்விட்டால் அந்தப் பாவத்தை எங்கே கொண்டு கழுவுவது.

நாலாம் மேசையில் ஷமீமா மட்டும்தான் நிற்கிறாள். கூட நிற்க வேண்டிய பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது. ஷமீமா நிதானக்காரி, எதையும் மூணு தரம் கழுவுவாள். இப்போது ப்யூரெட்டைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். அது நல்லது, கழுவட்டும். கழுவி முடித்ததும் ஊதா நிறப் பெர்மாங்கனேட்டை அதில் ஊற்றுவாள், நுனியில் காற்றுக் குமிழ் போகக் கொஞ்சம் விடுவாள், அளவைக் குறிப்பாள். பிறகு பிப்பெட். பிறகு குடுவை. குடுவையில் இரும்பு உப்புக் கரைசல் இருபது மில்லி, லேசாகப் பச்சை ஓடும். அதற்குப் பிறகு வெள்ளை நூல் பாட்டில். ஒரு சோதனைக்குழாய் நிறைய. மற்ற மேசைகளிலும் அதையே செய்வார்கள், அங்கேயெல்லாம் கனம் கைக்கு ஞாபகம் இருக்கிறது. நாலாம் மேசை வெள்ளை நூலில் இருப்பது நீர்த்த அமிலமாக இருந்தால் ஒன்றுமில்லை, குடுவை கொஞ்சம் வெதுவெதுக்கும். அடர் அமிலமாக இருந்தால். அந்த இடத்தில் நினைப்பு நின்றுவிடுகிறது, பழைய தையல் மிஷினில் நூல் சிக்கினதுபோல அதே இடத்தில் குத்துகிறது. நேற்று காலையில் நீர்த்த அமிலம் தயாரித்ததும் அவள்தான். பெரிய பீக்கர் நிறையத் தண்ணீர் வைத்து, அதில் அமிலத்தை மெல்ல, கண்ணாடிக் குச்சி வழியாக, கலக்கிக் கலக்கி. தண்ணியில ஆசிட், ஒருநாளும் ஆசிட்ல தண்ணி இல்ல, அதுவும் மெதுவா. அப்படி மெதுவாக விட்டதற்கே பீக்கரைத் தொட முடியவில்லை, வெளியே வாளித் தண்ணீரில் இறக்கி ஆறவைத்தாள். குழாய் நிறைய ஒரே மூச்சில் ஊற்றினால் குடுவை கொதித்து மேலே பாயும். குடுவைக்கு நேர் மேலே என்ன இருக்கும். குனிந்து பார்க்கிற பிள்ளையின் முகம் இருக்கும். கண்ணுக்குப் போடுகிற கண்ணாடி ஆறு வாங்கினார்கள், நாலு உடைந்தது, மிச்சம் ரெண்டும் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் காட்டுவதற்காக பீரோவில் இருக்கிறது.

ஏழு வருஷத்துக்கு முந்தி இதே லேபில் ஜெபராணி என்ற பிள்ளைக்கு அமிலம் தெறித்தபோது கண்ணில் படவில்லை. கடவுள் புண்ணியம் என்று எல்லோரும் சொன்னார்கள். மணிக்கட்டிலும் தாடைக்குக் கீழேயும்தான். தாடைக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ரெண்டு தழும்பு. அப்போதெல்லாம் நூல் கிடையாது. இடது பக்கம் அடர் அமிலம், வலது பக்கம் நீர்த்தது, இடம்தான் அடையாளம். அதற்கு முந்தின நாள் தட்டையெல்லாம் கழுவிக் காயவைத்துத் திரும்ப அடுக்கியது முப்பிடாதி. பதறி ஓடிப்போய்ப் பிள்ளையின் கையைக் குழாயடியில் பிடித்து, கால் மணி நேரம் தண்ணீர் விட்டதும் அவள்தான். அந்தப் பிள்ளை அழவில்லை, எக்கா எக்கா என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வந்து அந்த மேசையைப் பார்த்தாள். இடது பக்கப் பாட்டிலைத் தூக்கினாள், கனக்கவில்லை. வலது பக்கத்தைத் தூக்கினாள், கனத்தது. யாரும் பார்க்கவில்லை. ஹெச்.எம். கூப்பிட்டுக் கேட்டபோது, "எப்படிம்மா நடந்தது?" என்றுதான் கேட்டார், குற்றம் சாட்டவே இல்லை. அவளுக்கு அப்போது வேலை நிரந்தரமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வீட்டுக்காரர் விழுந்து காலை உடைத்துக்கொண்டு கிடந்தார். "பிள்ளைங்க மாத்தி வச்சிருக்கும் டீச்சர்" என்றாள். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை. பிள்ளைங்க மாத்தி வச்சிருக்கும். அதையே ஹெச்.எம். எழுதினார், அதையே ஜெபராணியின் அம்மாவிடம் சொன்னார்கள். மறுவாரம் முப்பிடாதி தன் செலவில் நூல் வாங்கி வந்தாள். நல்ல யோசனை என்று நாச்சியார் டீச்சர் காலை அசெம்பிளியில் பாராட்டினாள், பிள்ளைகள் கை தட்டின. கை தட்டினதில் ஜெபராணியும் இருந்தாள், கட்டுப்போட்ட கையோடு.

ஜெபராணி இப்போது பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாற்போல ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். எதைக் கொடுத்தாலும் நாலு வரி வாசிக்காமல் மிஷினில் வைக்கமாட்டாள், ஊர்க்காரர்கள் பத்திரம், சாதிச் சான்று, கல்யாணத் தேதி எல்லாம் அவளுக்கு அத்துபடி. முப்பிடாதியைப் பார்த்தால் முகமெல்லாம் சிரிப்பு. "எக்கா, இன்னும் அந்தச் சிவப்பு நூல்தானா? எனக்கு எல்லாமே அவசரப் புத்தி, மாத்தி எடுத்துட்டேன், என்னால உங்களுக்கும் கெட்ட பேரு" என்று ஒருதரம் சொன்னாள். சொல்லிக்கொண்டே தாடைக்குக் கீழே சொறிந்தாள். முப்பிடாதி அன்றைக்கு மீதிச் சில்லறைகூட வாங்காமல் வந்துவிட்டாள். அதற்கப்புறம் ஜெராக்ஸ் என்றால் சங்கரபாண்டியைத்தான் அனுப்புவாள். தழும்பைப் பார்க்கப் பயம் என்று நினைத்திருந்தாள். தழும்பில்லை, அந்தப் பிள்ளை தன்னையே அவசரக்காரி என்று ஏழு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிறதே, அதைத்தான் பார்க்க முடியவில்லை.

ஷமீமா ப்யூரெட்டை நிரப்பிவிட்டாள். குனிந்து கண்ணளவில் பார்த்துக் குறிக்கிறாள். காற்றாடிக்குள் புறா குமுறுகிறது. குழாய் சொட்டுகிறது, அதற்கு வாஷர் மாற்றணும், எழுதிக்கொடுத்து எத்தனை மாசம். எக்ஸ்டர்னல் சார் முதல் மேசைப் பக்கம் எதையோ எழுதுகிறார், எழுதும்போது நாக்கை ஓரமாக நீட்டுகிறார், பாவம் நல்ல மனுஷன்தான் போல. முட்டை அவித்து வைக்கச் சொல்லியாயிற்று. பிப்பெட். ஷமீமா வாய் வைத்து உறிஞ்சுகிறாள், கோட்டுக்கு மேலே ஏறவிட்டு விரலால் மூடுகிறாள், நல்ல கை. குடுவையில் விடுகிறாள். கனக்கிறது சிவப்பு, கனக்கவில்லை வெள்ளை. தூக்கினாயா முப்பிடாதி. தூக்கியிருப்பேன். இருப்பேன் என்றால்? சிலிண்டர் மூடித்தானே இருந்தது. இதுவும் மூடித்தான் இருக்கும். மூடித்தான் இருக்கும் என்று ஆயிரம் தரம் இருந்தாலும் ஒருதரம் மூடாமல் இருந்தது, அது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஷமீமா சோதனைக்குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள், சுத்தமாக இல்லை என்று மறுபடி கழுவப்போனாள். கழுவு தாயி, இன்னொருதரம் கழுவு. கழுவி முடித்துத் திரும்பினாள். கையை நீட்டினாள், வெள்ளை நூலைப் பார்த்துத்தான் நீட்டினாள். முப்பிடாதி சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளை அப்படியே செய்கிறது.

"ஷமீமா, கைய எடு பிள்ளை."

சத்தமாகச் சொன்ன மாதிரிகூட முப்பிடாதிக்குத் தோன்றவில்லை. ஆனால் பதினோரு தலையும் திரும்பியது, எக்ஸ்டர்னல் சார் பேனாவோடு நிமிர்ந்தார். அவள் அதற்குள் பாதி தூரம் வந்துவிட்டாள். "ஏம்மா, நான் காலையிலயே சொன்னேனா இல்லையா?" என்று அவர் வருகிறார். வரட்டும். முப்பிடாதி வெள்ளை நூல் பாட்டிலைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினாள். கனத்தது.

அப்படியே வைத்தாள். வாசல் மூலையிலிருந்த விளக்குமாற்றில் ரெண்டு ஈர்க்கு உருவி வந்து, ஆளுக்கொரு பாட்டிலில் நுனியை நனைத்து, வெள்ளைப் பீங்கான் தட்டின்மேல் வைத்தாள். எக்ஸ்டர்னல் சாரும் நாச்சியார் டீச்சரும் குனிந்து பார்த்தார்கள். வெள்ளை நூல் ஈர்க்கின் நுனி பழுப்பாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரியாயிற்று. சிவப்பு நூல் ஈர்க்கு வெறுமனே ஈரமாகக் கிடந்தது. எக்ஸ்டர்னல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஷமீமா குடுவையிலிருந்து ரெண்டு அடி தள்ளிப்போய் நின்றாள்.

நாச்சியார் டீச்சர்தான் முதலில் பேசினாள். கெட்டவள் கிடையாது, பதினாறு வருஷமாக முப்பிடாதிக்கு ஒரு கஷ்டம் என்றால் முன்னால் நிற்கிறவள். "பிள்ளைங்க மாத்தி வச்சிருக்கும் சார்" என்றாள். "காலையில வந்ததும் ரெண்டு மூடியையும் திறந்து பாத்திருக்கும், மூடும்போது மாத்திப் போட்டிருக்கும். நல்லவேளை, முப்பிடாதி கவனிச்சுட்டாங்க." எக்ஸ்டர்னல் சார் ஷமீமாவைப் பார்த்தார். "ஏம்மா, திறந்தியா?" ஷமீமா ரெண்டு பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தாள். "இல்ல சார்" என்றாள். பிறகு, "திறக்கலன்னுதான் நினைக்கேன் சார்." பிறகு புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, "தட்டுல தூசியா இருக்குன்னு துடைச்சேன், அப்ப ஒருவேளை..." என்றாள். ஒருவேளை என்று அந்தப் பிள்ளை தனக்குத்தானே எதையோ தேடிப் போவதை முப்பிடாதி பக்கத்தில் நின்று பார்த்தாள். இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் கண்டுபிடித்துவிடும். ஆமா சார், நான்தான் மாத்திட்டேன் என்று சொல்லிவிடும். சொன்னதை நம்பியும்விடும், ஆயுசுக்கும் நம்பும்.

"அவ மாத்தல சார்" என்றாள் முப்பிடாதி. "நூல் கட்டினது நான். தூக்கிப் பாத்துட்டுத்தான் கட்டணும். இந்த மேசைக்கு மட்டும் பாக்காம கட்டிட்டேன்."

டீச்சர் அவள் முழங்கையைத் தொட்டு, "சும்மா இருங்க" என்று மெதுவாகச் சொன்னாள். எக்ஸ்டர்னல் சாருக்கும் அவ்வளவு பிடித்த மாதிரி தெரியவில்லை, பிள்ளை மேல் தப்பு என்றால் ஒரு அதட்டலோடு போயிருக்கும், இது எழுத வேண்டிய விஷயம். "நீங்க என்ன சொல்லுதீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்லுதீங்களா" என்று கேட்டார். தெரிஞ்சுதான் சார் என்றாள். அப்படியானால் விளக்கம் எழுதிக் கொடுங்க, எனக்கு ஒண்ணு, ஹெச்.எம்.முக்கு ஒண்ணு, டி.இ.ஓ. ஆபீசுக்கு ஒண்ணு என்றார். பிள்ளைகளுக்குப் பதினைந்து நிமிஷம் கூடக் கொடுத்தார். முப்பிடாதி முதலில் பன்னிரண்டு பாட்டிலையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள், அவரும் கூடவே தூக்கிப் பார்த்தார். நாலாம் மேசை நூலை அறுத்து மாற்றிக் கட்டினாள். ஷமீமா குழாயில் அமிலம் எடுத்து ஊற்றினாள், குடுவையைத் தொட்டுப் பார்த்து அவளைப் பார்த்துத் தலையாட்டினாள். கொஞ்ச நேரத்தில் குடுவையில் இளஞ்சிவப்பு வந்து நின்றது.

ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் ரிக்கார்டு நோட்டை வைத்து, அதன்மேல் வெள்ளைத்தாள் வைத்து எழுதினாள். பயமாக இருந்தது, இல்லையென்றால் பொய். மெமோ வரும், வேறு ஊருக்கு மாற்றுவார்கள், வீட்டில் கேட்பார்கள். எழுத்து மட்டும் குண்டு குண்டாக நேராக வந்தது. நேற்று நடந்ததை எழுதி முடித்தபோது தாளில் பாதி இடம் மீதி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, இதே ஆய்வகத்தில் ஏழு வருடங்களுக்கு முன்பு மாணவி ஜெபராணிக்கு ஏற்பட்ட காயத்திற்கும் அமிலக் குப்பிகளை இடம் மாற்றி அடுக்கிய நானே காரணம், மாணவி எதையும் மாற்றி எடுக்கவில்லை என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். நாச்சியார் டீச்சர் வாங்கி வாசித்துவிட்டு, கடைசி நாலு வரியை ரெண்டு தரம் வாசித்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

மூணு பேருக்கும் ஒரே காகிதம் போதாதே. பள்ளிக்கூட மிஷின் பொங்கலிலிருந்து படுத்துக் கிடக்கிறது. எக்ஸ்டர்னல் சாருக்கு முட்டையோடு இலை போட்டுவிட்டு, முப்பிடாதி காகிதத்தை ரெண்டாக மடித்துக்கொண்டு படி இறங்கினாள். "எக்கா, குடுங்க, பஸ் ஸ்டாண்டு பக்கந்தான் போறேன், நானே ஜெராக்ஸ் எடுத்துட்டு வாரேன்" என்றான் சங்கரபாண்டி, வண்டியை எடுத்துக்கொண்டே.

"வேண்டாம்டே, நானே போறேன்" என்றாள். ஜெபராணி வாசித்துவிட்டுத்தானே மிஷினில் வைப்பாள்.